பேப்பர்ல போட மாட்டான்

என் அறைக் கதவை முழுதாகச் சாத்த முடியாது. அடிப்பக்கம் தரையில் உரசி ஒரு சாண் திறந்தபடியே நின்றுவிடும். அதற்குக் காரணம் முதல் மந்திரி என்று நான் குடிபோன அன்றே எனக்குச் சொல்லப்பட்டது.

"மரம் நனைஞ்சி உப்பிக்கிச்சி பொண்ணே. ஏன் நனைஞ்சிது? ஓட்டுல ஓட்ட. ஓடு ஏன் மாத்தல? ஓடு விக்கிற வெல தெரியுமா உனக்கு? அந்த வெலய யாரு வச்சது, நானா வச்சேன்?"

வீட்டுக்கார அம்மாள் கையிலிருந்த சவுக்கு மிலாரால், அந்த மெல்லிய குச்சியால், வடக்குத் திசையைச் சுட்டிக் காட்டினார். மெட்ராஸ் அந்தப் பக்கம்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். ரத்தம் சோதிக்கும் பயிற்சியை முடித்த கையோடு, கடலோரத்தில் மலேரியா அதிகம் என்று சதுரங்கப்பட்டினத்து டிஸ்பென்சரிக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், நான்கு சாயப் புட்டிகள், நான். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஏற்ற இடம் என்று டாக்டர் கைகாட்டியது இந்த வீடு. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு சிறு விறகுத்தொட்டி, அதை ஒட்டி இரண்டு அறைகள். ஒன்றில் அவர், மற்றொன்றில் நான்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து வெகுகாலம். படகில் வரும் சவுக்குக் கட்டைகளையும் மிலாரையும் பிரித்துக் கட்டி ஊருக்குள் விற்பார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பொண்ணே என்பார். வெளியாட்களிடம் "நம்ம வூட்டு ரத்தக்காரி" என்பார்.

எதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. முதல் மாதம் முழுவதும் அவர் மந்திரிகள் மேல் சுமத்திய குற்றங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தேன். அடுப்புப் புகைவது. மத்தி மீன் வராதது. பஸ் கைகாட்டியும் நிற்காமல் போவது. குடத்தில் விழுந்த ஓட்டை. என் தலைவலி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வராதது. கோழி அடைக்கு உட்காராதது. ஒரு பக்கம் நிரம்பியதும் நிறுத்திவிட்டேன். எந்தக் குற்றம் எந்த மந்திரிக்கு என்பதில் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. நான் மாற்றிச் சொன்னால் திருத்துவார்.

"கோழிக்கும் டெல்லிக்கும் இன்னா பொண்ணே சம்பந்தம்? கோழி மெட்ராஸ்காரன் பாக்கவேண்டியது. டெல்லிக்காரனுக்கு கடலு கீது, மய கீது, அதுவே அவனால முடியல."

அவருக்குப் படிக்கத் தெரியாது. செங்கல்பட்டிலிருந்து வரும் பஸ்ஸில் டாக்டருக்குப் பேப்பர் வரும். அவர் பார்த்து முடித்ததும், நான் வீட்டுக்கு எடுத்துவருவேன். மாலையில் பெரியம்மா கால்வாய்க்கு முதுகு காட்டிக் குந்திக்கொண்டு மிலார் கட்டுவார். நான் எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, கல்யாண விளம்பரம்கூட விடாமல். முடித்ததும் தினமும் ஒரே கேள்வி.

"நம்ம ஊர் பேரு வந்துதா?"

"இல்ல பெரியம்மா."

"போட மாட்டான்."

ஒருமுறை கால்வாயில் மணல் அடைத்து இரண்டு வாரம் படகுகள் நகரவில்லை. விறகு இல்லாமல் தொட்டி வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு மாலையும் அந்தச் செய்திக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"மந்திரி மாலய போட்டுகினு நிக்கிற படம் கீதா?"

"இருக்கு. எங்கயோ பள்ளிக்கூடம் திறந்து வைக்கிறார்."

"எவ்ளோ பெருசு?"

என் உள்ளங்கையைக் காட்டினேன்.

"அந்த எடத்துல எங்க மண்ண போட்டா ஆவாதா? பேப்பர்காரனும் அவனும் ஒரே எலயில துன்றவனுங்க."

நான் பேப்பர் பக்கம் பேசினேன். "ஊர் ஊரா எழுதினா இடம் எப்படிப் போதும் பெரியம்மா?"

"கொயம்பு பத்தலன்னா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தணும். ஒருத்தன் எலயிலயே கவுத்துகினு இருந்தா?"

அவர் மிலார் கட்டை முழங்காலால் அமுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பேப்பர நான் நம்பறதில்ல. நீ படிச்சா நம்புவேன். அவ்ளோதான்."

இவ்வளவு குற்றம் சாட்டுகிறவர், கண்ணெதிரே இருக்கும் யாரையும் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. இதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. பக்கத்து வீட்டு ஆடு அவருடைய அவரைப் பந்தலை மொட்டையடித்தது. ஆட்டுக்காரி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். "நீ இன்னா பண்ணுவ, வாயில்லா சீவன் அது. மேய்ச்சல் நெலத்த வளச்சி போட வுட்டானே, அவன கேக்கணும்" என்று அவளுக்குக் காபித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். நான் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழுவும்போது உடைத்துவிட்டேன். வீட்டில் இருந்தது அந்த ஒரு விளக்குதான். துண்டுகளைப் பொறுக்கியபடி அவர் கண்ணாடித் தொழிலைக் கவனிக்கும் மந்திரி யார் என்று என்னிடம் விசாரித்தார். அப்படித் தனியாக ஒருவர் இல்லை என்றேன். "அதான் பாரு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மந்திரி வெளிநாட்டு விருந்தாளிகளோடு மாமல்லபுரம் கோயில்களைப் பார்க்க வருவதாகப் பேப்பரிலேயே போட்டிருந்தது. கால்வாய் மணல் பற்றி ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். ஆறு அம்சங்களாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். சவுக்கு ஏற்றி வரும் படகுக்காரர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். பெரியம்மா அவரை அண்ணாத்தே என்றும் நான் நைனா என்றும் கூப்பிடுவோம்.

கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. கூட்டத்தை இடித்துக்கொண்டு பெரியம்மா கயிற்றருகே போய்விட்டார். பின்னாலேயே நானும். உச்சி வெயில். மந்திரி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். விருந்தாளிகளின் காலில் பூட்ஸ் இருந்தது. மணல் கொதித்தது. அவர் சிரித்துக்கொண்டே பேசியபடி ஒரு காலை மாற்றி ஒரு காலை எடுத்து வைத்தார். எங்களுக்கு நான்கடி தூரத்தில் வந்து நின்றார்.

"குடுங்க பெரியம்மா, இப்பவே குடுங்க" என்று முதுகில் தட்டினேன்.

அவர் மனுவை நீட்டவில்லை. மந்திரி நகர்ந்து போய்விட்டார்.

"என்ன பெரியம்மா?"

"கால் சுடுது அவனுக்கு. பாத்தியா? ஒடம்புல சதையே இல்ல. வூட்ல சோறு போடறாங்களோ இல்லியோ."

மறுநாள் அந்த மந்திரியின் படம் பேப்பரில் வந்தது, மாலையோடு. பெரியம்மா கேட்டார்: "கால் சுட்டுச்சே, அத்த போட்டானா?" இல்லை என்றேன். "போட மாட்டான்" என்றார். அதற்குப் பிறகு அந்த மந்திரியின் பெயரை அவர் எடுக்கவில்லை. அவருடைய பங்குக் குற்றங்கள் எல்லாம் நாங்கள் முகம் பார்க்காத வேறொரு மந்திரிக்கு மாறின.

மாமல்லபுரத்திலிருந்து படகில் திரும்பி வரும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெரியம்மா படகின் முனையில் முந்தானையை மூடிக்கொண்டு அசந்து தூங்கினார். நைனா கோல் ஊன்றிக்கொண்டே சொன்னார்.

"அது புருசன் என் கூட்டாளி. இதே மாதிரி சவுக்கு லோடு. கட்டு சரிஞ்சி மேல வுயுந்துச்சி, ஆளு அங்கியே காலி. கயிறு கட்டனது புள்ள. இருவது வயசு. காரியம் முடிஞ்ச அன்னிக்கி, எல்லாரும் குந்திகினு இருக்கசொல்ல, அவன பாத்து ஒரே ஒரு தபா சொல்லிச்சி. 'நீ ஒயுங்கா கட்டியிருந்தா அவரு இருந்திருப்பாரு.' அவ்ளோதான். சத்தம்கூட போடல. காலைல பாத்தா புள்ள இல்ல."

"எங்க போனாரு?"

"கொயும்பு. ரெண்டு கடுதாசி வந்துது. அப்புறம் இல்ல. எட்டு வருசம் ஆவுது."

மகன் கொழும்பில் இருப்பது எனக்கு முன்பே தெரியும். கடிதம் வராததற்கு இரண்டு நாட்டு மந்திரிகளும் கூட்டு என்று பெரியம்மா சொல்லியிருந்தார். நான் அதையும் நோட்டில் குறித்திருந்தேன், மத்தி மீனுக்குக் கீழே.

அந்த வருடம் மழை முடிந்த சமயம். டிஸ்பென்சரியில் பேப்பரை மடிக்கும்போது உள்பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு சிறு விளம்பரம் கண்ணில் பட்டது. தெற்கே ஒரு கடலோர ஊரின் ஆஸ்பத்திரி கொடுத்தது. இலங்கையிலிருந்து திரும்பியவர், கடும் ஜுரம், உறவினர் உடனே வரவும். பெயர், பெரியம்மா மகனின் பெயர். ஊர், சதுரங்கப்பட்டினம். ஆனால் வயது நாற்பது என்றிருந்தது. அவருக்கு இருபத்தெட்டுதான் ஆகியிருக்க வேண்டும். தகப்பன் பெயரும் வேறு.

இரண்டு பொருந்துகின்றன, இரண்டு பொருந்தவில்லை. எனக்குச் சொல்லித்தந்த வேலையில் இதற்கு ஒரு விதி உண்டு. சந்தேகமான ரத்தத்துக்கு முடிவு சொல்லாதே. இரண்டாவது மாதிரி கேட்டு வாங்கு. அதுவரை நோயாளியிடம் வாயைத் திறக்காதே. பொய்யான பயமும் பொய்யான நம்பிக்கையும் ஒரே கெடுதல். இந்த விதியால் பல பேருக்கு நன்மை செய்திருக்கிறேன். அன்றும் அதையே செய்தேன்.

மாலையில் பேப்பரைப் படித்தேன். உள்பக்கத்தின் கீழ் மூலையைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"நம்ம ஊர் பேரு வந்துதா?"

"இல்ல பெரியம்மா."

"போட மாட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகக் கேட்பதுபோல், "உங்க பையனுக்கு உடம்புல தழும்பு ஏதாவது இருக்கா?" என்றேன்.

மிலார் கட்டும் கை நின்றது. "எதுக்குக் கேக்கற?"

"டிஸ்பென்சரியில எல்லார் குடும்பத்தைப் பத்தியும் எழுதி வைக்கச் சொல்றாங்க."

"எடது கட்டவெரலு. எட்டு வயசுல கோடாலி பட்டுச்சி. நகம் ரெண்டா பொளந்துதான் மொளைக்கும்." முடிச்சை இறுக்கிவிட்டு, "எழுதிக்கோ" என்றார்.

அன்றே ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். நான்கு கேள்விகள், எண் போட்டு. பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு மாலையும் பேப்பர் படித்தேன். பதினெட்டு முறை அவர் கேட்டார், நான் இல்லை என்றேன். முதல் நாளைத் தவிர மற்றவை உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதிலும் எண் போட்டே வந்தது. ஒன்று: இடது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. இரண்டு: வயதை நோயாளி சொல்லும் நிலையில் இல்லை, பார்வைக்கு நாற்பது என்று எழுதினோம். மூன்று: தகப்பன் பெயரைக் கேட்டபோது நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார், கூட வந்தவர் சொன்ன பெயர் அது. நான்கு: குணமாகி அனுப்பப்பட்டார். விளம்பரம் வந்ததை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தோம். அனுப்பிய பிறகும் ஆறு நாள் வாசல் மரத்தடியிலேயே இருந்தார். பிறகு காணவில்லை. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

விளம்பரம் வந்த மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் ரயிலேறியிருந்தால், அதற்கடுத்த நாள் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எப்படி எண்ணினாலும் அவர் அங்கே இருக்கிறார்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதும் படித்துக் காட்டினேன். அன்று எதையும் விடவில்லை. பெரியம்மா கேட்டார்:

"பேப்பர்ல போட்டானா?"

"போட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் பெரியம்மா."

ஏதாவது ஒரு மந்திரியைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. வயதைத் தப்பாக எழுதவைத்த மந்திரி, தபாலைத் தாமதிக்கவைத்த மந்திரி, என்னைப்போன்ற ஒருத்திக்கு இப்படி ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்த மந்திரி. அவர் எழுந்து போய் உலையில் அரிசி போட்டார். எனக்கும் சேர்த்துத்தான் போட்டார்.

மறுநாள் நைனாவோடு தெற்கே போய், ஐந்தாம் நாள் திரும்பினார். மரத்தடி இருந்தது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பேப்பர் கேட்கவில்லை. அடுப்புப் புகைந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் நிற்காமல் போனது, நடந்தார். யார்மேலும் குற்றம் இல்லாத அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. பேப்பரை மடித்தபடியே அறையில் அடுக்கி வைத்தேன். சாத்தாத கதவின் இடைவெளி வழியே அவர் தனியாக மிலார் கட்டுவது தெரியும். என்னைப் பார்த்தால் "சாப்ட்டியா" என்பார்.

பத்து நாளைக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. போய் எதிரே உட்கார்ந்தேன்.

"என்னத் திட்டுங்க பெரியம்மா."

நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "திட்டுனா நீயும் பூடுவ."

கையிலிருந்த கட்டை முடிந்து ஓரமாகப் போட்டுவிட்டு, "பேப்பர்ல நாம சொன்னா போடுவானா?" என்றார்.

"போடுவாங்க."

"அப்ப எழுது."

பேப்பரும் பென்சிலும் எடுத்து, மகனே வா என்று முதல் வரியை எழுதினேன். அவர் யோசித்தார். கால்வாயில் ஒரு படகு வந்து, கடந்து, வளைவில் மறைந்தது.

"அப்பன் போனதுல உன் மேல தப்பு இல்லன்னு எழுது."

"எழுதிட்டேன். அப்புறம்?"

"தப்பு என் மேலன்னு எழுது."

எட்டு வருடத்தில் யார் யாருக்கெல்லாம் கொடுத்த குற்றத்தை, மூன்று சொல்லில் தன்னிடம் எடுத்துக்கொண்டார். தபாலில் சேர்ப்பதற்கு முன் டிஸ்பென்சரி மேசையில் வைத்து அதன் கீழே இரண்டு வாக்கியம் நான் சேர்த்தேன்.

விளம்பரம் மூன்று நாள் வந்தது. அதைப் பார்த்து யாரும் வரவில்லை. மாற்றலாகி நான் அந்த ஊரைவிட்டுப் போகும்வரை வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது விளம்பரம் வந்த முதல் நாள் மாலையைப் பற்றி.

பஸ் வந்ததும் பேப்பரை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். பெரியம்மா மிலாரைத் தள்ளி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போட்டுகீறானா?"

"போட்டிருக்காங்க."

"படி."

படித்தேன். "மகனே, நீ எங்கே இருந்தாலும் சதுரங்கப்பட்டினத்துக்கு வா. அப்பா போனதில் உன் மேல் தப்பு இல்லை. தப்பு அம்மா மேல். நீ ஆஸ்பத்திரியில் இருந்த சேதி அப்போது அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவள் அதைப் பார்த்தும் சொல்லாமல் மறைத்தாள்."

"கடேசில இன்னா படிச்ச?"

திரும்பப் படித்தேன்.

"அத்த நான் சொல்லலியே."

"நான் சேர்த்தேன்."

"மறைச்சாளா?" என்றார். குரல் வேறாக இருந்தது. "மறைச்சாளாமே. எழுதிட்டா ஆச்சா? ஏண்டி மறைச்ச?"

என்னை அவர் டி போட்டது அதுதான் முதல்முறை.

"என் மூஞ்ச பாக்காதவன்டி அந்த பேப்பர்காரன், அவன் போட்டான்! தெனம் என் கையால துன்னுகினு, எதுத்தாப்புல குந்திகினு, நீ போடலியேடி! கேட்டனா இல்லியா? ஊர் பேரு வந்துதான்னு வாய் வுட்டு கேட்டனா இல்லியா? நாப்பதுன்னு போட்டா இன்னா, நூறுன்னு போட்டா இன்னாடி? நான் போய் பாத்திருப்பேன். அவன் இல்லன்னா, எவனோ ஒரு தாய் பெத்த புள்ள, கஞ்சி வச்சி குடுத்துட்டு வந்திருப்பேன்! ஆறு நாளுடி... மரத்தடில ஆறு நாளு..."

நனைந்த மிலார் ஒன்றை எடுத்துத் தரையில் அடித்தார். கால்வாயில் கட்டியிருந்த படகிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஆட்டுக்காரி வேலிக்கு அப்பால் வந்து நின்றாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, விளக்கு ஏற்ற யாரும் எழவில்லை. திட்டித் திட்டி ஒரு கட்டத்தில் மூச்சு வாங்கி நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அரை இருட்டில் நான் இருக்கிறேனா என்று பார்த்தார்.

நான் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.